தேயிலைக்குக் கார்பன் வரி வருகிறதா? மாமாவின் கோப்பிக் காணி என்ன ஆகும்?

வாசகர் கேள்வி:

வணக்கம் அக்கா. டிக்கோயா பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் கிளார்க்காக வேலை செய்கிறேன். போன மாதம் சான்றிதழ் பார்க்க வந்தவர்கள் மலை வாரியாக வரைபடம், மருந்துப் பட்டியல், விறகுக் கணக்கு எல்லாம் கேட்டார்கள். இனி ஐரோப்பா தேயிலைக்குக் கார்பன் வரி போடப்போகிறது, அதனால் ஆள் குறைப்பார்கள் என்று நாங்கள் குடியிருக்கிற லயமெல்லாம் பேச்சு. அடித்துக்கொண்டிருந்த ஒரு பூச்சி மருந்தை, தேனீக்காக என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். காட்டோரத்தில் விறகு பொறுக்கக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள்; அம்மாவுக்கு அதில்தான் பெரிய கோபம். ஹங்குராங்கெத்த பக்கம் என் மாமாவுக்கு முக்கால் ஏக்கர் இருக்கிறது, மிளகும் கோப்பியும். கோப்பி வாங்கும் முதலாளி ஒரு படிவத்தைக் கொடுத்து, காணி இருக்கும் இடத்தை போனில் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். காணி பறிபோய்விடுமோ என்று மாமா கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார். எங்கோ இருக்கிற நாடு போடுகிற சட்டம் எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்? இதெல்லாம் பேசி முடிவெடுக்கிற இடத்தில் எங்களைப் போன்றவர்கள் வாய் திறக்க வழி இருக்கிறதா? படிவத்தின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

வீட்டில் பயந்துகொண்டிருப்பவர்களுக்கு இன்று இரவே சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலைக்கு ஐரோப்பாவில் கார்பன் வரி கிடையாது. லயத்தில் பேசிக்கொள்கிற அந்த வரி ஆறு வகைச் சாமான்களுக்கு மட்டுந்தான்: சீமெந்து, இரும்பும் உருக்கும், அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன். 2023 ஒக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி 1இலிருந்து பணம். ஐரோப்பாவில் இருக்கும் ஓர் உருக்காலை தான் வெளிவிடும் கரிவாயுவுக்குப் பணம் கட்டுகிறது. வெளியிலிருந்து வரும் உருக்கு அதைக் கட்டாமல் மலிவாக உள்ளே வந்தால் அந்த ஆலை மூடிப்போகும், புகை மட்டும் இன்னொரு நாட்டுக்கு இடம் மாறும். அதனால்தான் எல்லையில் வைத்து அதே விலையை வாங்குகிறார்கள். இதில் கொழுந்து எங்கும் வரவில்லை. நாளைக்குப் பட்டியலை நீட்டவே மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இன்றைக்கு இல்லை. கார்பன் வரியால் ஆள் குறைக்கிறோம் என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டம், எந்தத் திகதி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். வேறு வேறு விஷயங்கள் அதில் ஒரே மூட்டையாகக் கிடக்கின்றன. மருந்து ஒரு சட்டம், கோப்பி இன்னொரு சட்டம், விறகு போர்டு சட்டமே இல்லை, வரி வெறும் வதந்தி. தோட்டங்களில் இவை எல்லாவற்றுக்கும் 'ஈயூ சட்டம்' என்று ஒரே பெயரை வைத்துவிடுகிறார்கள். பெயர் ஒன்றாகிப்போனால் யாரிடம் போய் எதைக் கேட்பது என்று தெரியாமல் போய்விடும். அந்தத் தெரியாமைதான் சட்டத்தை விடப் பெரிய கஷ்டம் என்பது என் அனுபவம். அதனால் மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம். மாமாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஒரு புதிய சட்டம் உண்மையிலேயே வாசல்வரை வந்து நிற்பது அவர் வீட்டில்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் காடழிப்புக்கு எதிராக ஓர் ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. மாடு, கொக்கோ, கோப்பி, பாம் எண்ணெய், இறப்பர், சோயா, மரம் என்று ஏழு பொருட்களும் அவற்றிலிருந்து செய்யப்படுகிற பல சாமான்களும் அதில் அடக்கம். தேயிலை இதிலும் இல்லை, கோப்பி உண்டு. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து விளைநிலமாக்கிய இடத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது. விளைந்த நாட்டின் சட்டத்தை மீறியும் விளைந்திருக்கக் கூடாது. இந்த இரண்டையும் காட்டினால்தான் அந்தப் பொருளை ஐரோப்பியச் சந்தையில் விற்கலாம். காட்ட வேண்டிய பொறுப்பு அங்கே இறக்குமதி செய்கிறவருடையது. தவறினால் தண்டமும் அவருக்கே.

உங்கள் கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. எங்கோ இருக்கிற நாட்டின் சட்டம் மாமாவைக் கட்டுப்படுத்தாது. எந்த ஐரோப்பிய நீதிமன்றமும் ஹங்குராங்கெத்தவுக்குக் கட்டளை அனுப்ப முடியாது. அது கட்டுவது அங்கே கோப்பி வறுக்கிறவரை. அவர் கொழும்பு ஏற்றுமதிக்காரரிடம் தாள் கேட்கிறார், ஏற்றுமதிக்காரர் முதலாளியிடம் கேட்கிறார், முதலாளி மாமாவிடம் படிவத்தை நீட்டுகிறார். சட்டம் ஒவ்வொரு கை மாறும்போதும் ஒப்பந்த நிபந்தனையாக மாறிக்கொண்டு வருகிறது. கடைசிக் கையில் வந்து சேரும்போது அதற்கு விளக்கமும் இல்லை, செலவுக்குக் காசும் இல்லை.

சரி, மாமா கையெழுத்துப் போடலாமா? படிவத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பத்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவான காணி, அதாவது நான்கு ஹெக்டேயர் வரைக்கும், எல்லை முழுவதையும் வரைந்து கொடுக்கத் தேவையில்லை. ஒரே ஒரு புள்ளி போதும். மழை இல்லாத காலையில், பலா மரத்தடியில் நிற்காமல் வானம் தெரிகிற இடமாகப் பார்த்து காணியின் நடுவில் நின்று, போனில் வரைபடத்தைத் திறந்து, நீலப் புள்ளி அசையாமல் நிற்கும்வரை இரண்டு நிமிடம் பொறுத்திருந்து, அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். அந்தப் பக்கத்தில் முதலாவது 7 என்றும் இரண்டாவது 80 என்றும் தொடங்கும். புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் எழுதுங்கள். இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் வடதுருவத்துக்குப் பக்கத்துக் கடலைக் காட்டும், படிவம் திரும்பி வரும்.

இந்த இரண்டு எண்களும் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) ஆகாது. காணி யாருக்குச் சொந்தம் என்று அவை எதுவும் சொல்வதில்லை. அவற்றைக் கொடுத்ததால் காணி பறிபோகாது. மாமாவிடம் இருப்பது அரசாங்க அனுமதிப்பத்திரமா, உறுதியா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அதன் போட்டோப் பிரதி ஒன்றை மட்டும் கொடுங்கள், மூலத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம். படிவத்தில் வேறு ஒரு வரி இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள்: 'விளைச்சலை எங்களுக்கே விற்பேன்' என்ற மாதிரி. அப்படி இருந்தால் அது ஐரோப்பியச் சட்டம் கேட்பது அல்ல, முதலாளி தனக்காகச் சேர்த்துக்கொண்டது. அந்த வரியை வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போடலாம், அல்லது அதற்குத் தனி விலை பேசலாம். நிரப்பிய படிவத்தின் பிரதி மாமாவிடம் இருக்க வேண்டும். நாளைக்கு வேறு வியாபாரி நல்ல விலை சொன்னால் அதே எண்களை அவருக்கும் கொடுக்கலாம். அந்தத் தகவல் மாமாவுடையது.

பலா, மிளகு, கோப்பி என்று அடுக்கடுக்காக வளர்ந்திருப்பதைப் பார்த்து இது காடு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். ஏற்கெனவே விவசாயம் நடக்கிற நிலத்தை அந்தச் சட்டம் காடு என்று கணக்கெடுப்பதில்லை. ஆனால் பலா வெட்டுவதானால் அனுமதி எடுத்தே வெட்டச் சொல்லுங்கள். அது ஐரோப்பா சொன்னது இல்லை, 1951இலிருந்து நம் நாட்டுச் சட்டம். இன்னொன்று, அவசரமும் இல்லை. முதலில் 2024 டிசம்பர் 30 என்றிருந்த ஆரம்பத் திகதியை இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறிய, மிகச் சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30 என்பது கடைசியாக வந்த திருத்தம். இந்த வாரமே தராவிட்டால் கோப்பி வாங்க மாட்டேன் என்று முதலாளி சொல்வாரானால் அது அவருடைய அவசரம். பேராதனையில் தலைமையகம் உள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் மாமாவின் பகுதிக்கும் இருப்பார். அவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

2020 டிசம்பர் 31 என்ற அந்தக் கோட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. மலைநாட்டுக் காடு எப்போது போனது? 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் போட்டு, மலைகளைத் துரைமாருக்கு விற்று, கோப்பிக்காக வெட்டித் தள்ளினார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை போட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோடரி பிடித்த கை நம் முப்பாட்டன்மாருடையது. வெட்டச் சொன்னதும் விற்றுக் காசாக்கியதும் வேறு ஆட்கள். அந்தக் கணக்கு முழுவதும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, மாமாவின் முக்கால் ஏக்கர் இந்தப் பக்கம் நின்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. இருந்தாலும் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மிஞ்சியிருக்கிற காடு போனால் முதலில் வற்றுவது நம் தண்ணீர்ப் பீலி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நாட்டில் 600க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மலை சரிந்து வீடுகளை மூடியது. 2014இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. காலநிலைச் சட்டம் யாருக்காவது அவசரமாகத் தேவை என்றால், சரிவில் லயம் கட்டி வைக்கப்பட்டிருக்கிற நமக்குத்தான்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். நிறுத்திய மருந்தின் கலனை எடுத்து லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் பாருங்கள். குளோத்தியானிடின், தையாமெத்தோக்சம் இரண்டில் ஒன்றாக இருந்தால், உங்களுக்குச் சொன்ன தேனீக் காரணம் உண்மை. இந்த இரண்டையும் ஐரோப்பா தன் வயல்களில் 2018இலேயே தடுத்துவிட்டது. 2023இல் இன்னொரு படி மேலே போய், உலகம் முழுக்கத் தேனீக்கள் குறைவதைக் காரணம் காட்டி, வெளியிலிருந்து வரும் உணவிலும் இவற்றின் எச்சம் கருவியால் அளக்கக்கூடிய ஆகக் குறைந்த அளவைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டது. அது 2026 மார்ச் 7இலிருந்து நடைமுறை. குடிக்கிறவரின் உடம்புக்காக வரம்பு போடுவது பழைய வழக்கம்; விளைகிற இடத்துத் தேனீக்காக வரம்பு போட்டது இதுதான் முதல் தடவை. அதாவது நம் மலையில் பறக்கிற தேனீக்காக வேறொரு கண்டத்தில் சட்டம் எழுதியிருக்கிறார்கள். இதை வரவேற்பதா, 'எங்கள் மலையைப் பற்றி நீங்கள் எப்படித் தீர்மானிக்கலாம்' என்று கேட்பதா? பல நாடுகள் இரண்டாவதைக் கேட்டன. நான் தேனீயின் பக்கம். ஆனால் மாற்று மருந்து எது, அதன் விலை யார் தலையில் என்ற கேள்வியை விடவும் மாட்டேன். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் பரிந்துரைக்கிற பட்டியலைத் தோட்டம் வாங்கி வைத்திருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

ஒரு மருந்தை நிறுத்துவது எப்போதும் இலேசாக முடிவதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே கதை உண்டு. 2015இல் கிளைபோசேட் களைகொல்லியைத் தடை செய்தார்கள். தோட்டங்கள் வேறு களைகொல்லிக்குப் போயின. அதில் எம்.சி.பி.ஏ. என்ற ஒன்றின் எச்சம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று ஜப்பான் நம் தேயிலையைக் கேள்வி கேட்டது. ஜப்பானின் வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது நூறு தொன் தேயிலைக்கு ஒரு கிராம். கடைசியில் 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடையைத் தளர்த்தினார்கள். அப்புறம் 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியது உங்களுக்கே நினைவிருக்கும். அந்த வருடம் 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் சுமார் 25 கோடியாக விழுந்தது. கூடை நிறையாமல் அரைப் பேர் (அரை நாள் கூலி) போட்டு அனுப்பிய நாட்களை அம்மாவிடம் கேளுங்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும், கால அவகாசம் இல்லாமல் போட்ட விதி கொழுந்து எடுக்கிறவர் கூலியில்தான் வந்து விழும்.

என் அப்பா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் மருந்து டாங்கி சுமந்தவர். மாலையில் வரும்போது சட்டையின் முதுகுப் பக்கம் ஈரமாக ஒட்டியிருக்கும். அம்மா அந்தச் சட்டையை மட்டும் தனியாக, எல்லோரும் போன பிறகு பீலியடியில் கசக்குவார். அந்தத் தோட்டத்துக்குச் சான்றிதழ் பார்க்க ஆட்கள் வருவதற்கு முதல்நாள் அப்பாவுக்குக் கையுறையும் முகமூடியும் பூட்ஸும் கொடுத்துப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வந்தவர்கள் போன மறுநாள் பின்னேரம் எல்லாவற்றையும் ஸ்டோருக்குத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். புத்தகத்தில் 'கொடுக்கப்பட்டது' என்ற வரி மட்டும் அப்படியே இருந்தது. நீங்கள் ஆபீசில் இருக்கிறீர்கள் தங்கச்சி, அந்தப் புத்தகம் உங்கள் மேசைக்கு வரும். கொடுத்ததற்கு ஒரு பத்தி இருப்பது போல, திருப்பி வாங்கியதற்கும் ஒரு பத்தி போடச் சொல்லி நீங்கள் கேட்கலாம். அது வழமையான ஸ்டோர்க் கணக்கு, யாரும் குற்றம் சொல்ல முடியாது.

விறகு போர்டு சட்டம் இல்லை என்றேன். அது, காட்டையும் தொழிலாளியையும் கெடுக்காமல் தேயிலை விளைகிறது என்று வெளி நிறுவனம் தருகிற சான்றிதழின் நிபந்தனை. சான்றிதழ் தோட்டம் விரும்பி எடுப்பது, நல்ல விலைக்காக எடுப்பது. சிவனொளிபாதமலைக் காடு 2010இலிருந்து உலக மரபுரிமை, அந்தக் காட்டை நம்பித்தான் களனியும் வளவையும் ஓடுகின்றன. அங்கே கை வைக்காதே என்பது சரியான நிபந்தனை. ஆனால் அம்மாவின் கோபமும் சரியானது. சான்றிதழால் வரும் கூடுதல் விலை தோட்டத்துக்கு, அதற்காக விட்டுக்கொடுத்த விறகு அம்மாவுக்கு. கேஸ் வாங்குவதானால் அது எத்தனை நாள் சம்பளம் என்று உங்களுக்குத் தெரியும். இதற்குக் கேட்க வேண்டியது போர்டை எடு என்று அல்ல. கவ்வாத்து வெட்டுகிற மலைகளின் மிலாறை (வெட்டி விழும் தேயிலைக் குச்சிகளை) லயத்துக்கு முறை வைத்துப் பங்கிட்டுக் கொடு, முதிர்ந்த சவுக்குக் கிளைகளை இறக்கும்போது வீட்டுக்கு இத்தனை கட்டு என்று எழுதி வை என்று கேளுங்கள். சான்றிதழ் பார்க்க வருகிறவர்கள் தொழிலாளிகளிடம் நேரில் பேச வேண்டும் என்பதும் அவர்களுடைய விதிதான். அடுத்த முறை அம்மாவே பேசட்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, நியாயமும் வழியும் பற்றியது. ஒரு நாடு தன் சந்தையைக் காட்டி இன்னொரு நாட்டின் சூழல் பழக்கத்தை மாற்றலாமா என்ற வழக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது. கடலாமை தப்பிப்போக வாசல் வைத்த வலையில் பிடிக்காத இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னது. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998இல் மேன்முறையீட்டுக் குழு சொன்னது என்னவென்றால், ஆமையைக் காப்பாற்ற இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம், வர்த்தக விதிகளின் இருபதாவது உறுப்புரை அதற்கு இடம் தருகிறது. ஆனால் நீ நடத்திய விதம் தவறு. கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மூன்று வருட அவகாசம், ஆசிய நாடுகளுக்கு நான்கு மாதம். அவர்களோடு உட்கார்ந்து உடன்படிக்கை பேசினாய், இவர்களோடு பேசவில்லை. அமெரிக்கா தன் நடைமுறையைத் திருத்தியது. மலேசியா மறுபடி போனபோது 2001இல் அமெரிக்கா வென்றது. அந்த மேன்முறையீட்டுக் குழு 2019 டிசம்பரிலிருந்து போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கிக் கிடப்பது பெரிய இழப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பின் அளவுகோல் இன்னும் கையில் இருக்கிறது. 1992ஆம் ஆண்டு ஐ.நா. காலநிலைச் சாசனத்தின் மூன்றாவது உறுப்புரையும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், காலநிலை நடவடிக்கை நியாயமற்ற பாகுபாடாகவோ வர்த்தகத்துக்கு மறைமுகத் தடையாகவோ இருக்கக் கூடாது என்கிறது. 2025இல் பெலேம் நகரத்தில் நடந்த காலநிலை மாநாட்டில் வளரும் நாடுகள் அதைத்தான் மேசையில் வைத்தன.

சரியாகச் செய்த உதாரணமும் உண்டு, அதுவும் தேயிலையிலேயே. மண்ணுக்குள் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழுவுக்காக ஒரு காலத்தில் மெதைல் புரோமைட் வாயுவைச் செலுத்தினார்கள். அது ஓசோன் படலத்தை அரிக்கும். 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் அதை நிறுத்தும்போது பணக்கார நாடுகளுக்கு 2005 என்றும் நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2015 என்றும் தவணை வைத்தார்கள். மாறுவதற்குப் பணம் தர ஒரு நிதியமும் வைத்தார்கள். நாம் மாறினோம். மாறியதைக் காட்டி, ஓசோனுக்குக் கேடில்லாத தேயிலை என்ற முத்திரையோடு சிலோன் டீயை விற்கவும் செய்தோம். தவணையும் பணமும் பேச்சும் இருந்தால் ஒரு சூழல் விதி நமக்கு என்ன செய்யும் என்பதை தேயிலைப் பக்கெட்டில் இருக்கிற அந்தச் சின்ன முத்திரையில் பார்க்கலாம். கோப்பிச் சட்டத்தில் மாமாவுக்குத் திகதி மட்டும் வந்திருக்கிறது.

பேச வழி இருக்கிறதா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியைப் படித்தபோது 1964 ஒக்டோபர் 30 நினைவுக்கு வந்தது. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, நம்மில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த அறையில் நம்மை யாரும் கேட்கவில்லை. இராஜதந்திரம் என்ற சொல்லுக்கு மலையகத்தில் அன்றிலிருந்து அதுதான் அர்த்தம். இன்று நிலைமை கொஞ்சமாவது வேறு. உலக வர்த்தக அமைப்பில் இருக்கிற ஒரு நாடு, மற்றவர் ஏற்றுமதியைப் பாதிக்கிற தொழில்நுட்ப விதி ஒன்றைப் போடுவதானால் வரைவை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வழமையாக 60 நாள் கருத்துச் சொல்ல நேரம் உண்டு. தேனீ விதியும் அப்படி வரைவாக வந்ததுதான். இலங்கையில் இந்த அறிவிப்புகளுக்கான விசாரணை மையம், எஸ்.எல்.எஸ். முத்திரை தருகிற அதே இலங்கைக் கட்டளைகள் நிறுவனம். ஈபிங் என்ற இலவசச் சேவையில் மின்னஞ்சலைப் பதிந்து, தேயிலை, கோப்பி என்று தெரிவு செய்து வைத்தால் வரைவு வந்த அன்றே உங்களுக்குத் தெரியும். கருத்தை நிறுவனத்துக்கும் வர்த்தகத் திணைக்களத்துக்கும் தமிழிலேயே எழுதலாம், அது அரச கரும மொழி. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், இந்த வரைவுக்கு இலங்கை என்ன நிலைப்பாடு எடுத்தது என்று கேட்கலாம். அதற்குத் தேவையான ஒரே தகுதி குடியுரிமை. அது நமக்கு எவ்வளவு காலம் மறுக்கப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எழுதும்போது ஆவேசம் வேண்டாம், எண்ணிக்கை வேண்டும். உங்கள் டிவிஷனில் எத்தனை வீடு விறகில் சமைக்கிறது, வாரத்துக்கு எத்தனை கட்டு, ஒரு கட்டு சுமக்க எத்தனை மணி நேரம், ஒரு கேஸ் சிலிண்டர் எத்தனை பேருக்குச் சமம். கொழும்பில் இருக்கிற எந்த அதிகாரியிடமும் இந்தக் கணக்கு இருக்காது. ஆனால் ஆபீஸ் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக்கூடப் படம் எடுக்காதீர்கள், வேலைக்கு ஆபத்து. லயம் லயமாகப் போய் நீங்களே கேட்டு எழுதுங்கள். உங்கள் சங்கத் தலைவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். சம்பளம் பேசும்போது அதோடு சேர்த்துச் சான்றிதழ் செலவும் பேசப்பட வேண்டிய விஷயம் என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

ஜீ.எஸ்.பி. பிளஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது அதையும் இந்த மூட்டைக்குள் போடுவார்கள். 27 சர்வதேசச் சாசனங்களை மதிப்பதற்குப் பதிலாக ஐரோப்பாவில் கிடைக்கும் வரிச் சலுகை அது; அவற்றில் காலநிலைச் சாசனமும் ஒன்று. 2010இல் இழந்து 2017இல் திரும்ப எடுத்தோம். கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே வரி இல்லை என்பதால் கொழுந்துக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. அது போனால் அடிபடுவது உங்கள் லயத்திலிருந்து கட்டுநாயக்கவுக்குத் தைக்கப் போன பிள்ளைகள்.

நீங்கள் அனுப்பிய படிவத்தின் படத்தில் முதல் பக்கம் சரி: பெயர், காணி அளவு, நட்ட வருடம், இட எண்கள், எல்லாம் கேட்கக்கூடியவை. இரண்டாம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் பொடி எழுத்தில் ஐந்தாறு வரி இருக்கிறது, நிழல் விழுந்து வாசிக்க முடியவில்லை. பகல் வெளிச்சத்தில், தாளை மேசையில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். அதை நான் பார்த்துச் சொல்லும்வரை மாமா பேனையை எடுக்க வேண்டாம்.